வீட்டு ஷெட்டுக்கு எந்த மில்லிங் மெஷின்? டயலும் தொங்கு தராசும் சொல்லும் பதில்

சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் மில்லிங் மெஷினின் விளம்பரத்தில் ‘0.01 மி.மீ. துல்லியம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், பெரும்பாலும் அதற்கு ஒரே பொருள்தான்: கைச்சக்கரத்துக் காலரில் கோடு அந்தக் கணக்கில் கீறியிருக்கிறது. சக்கரத்தை ஒரு கோடு திருப்பினால் வேலைப்பொருளைத் தாங்கும் டேபிளும் அவ்வளவுதான் நகர்கிறதா, நகர்ந்த இடத்தில் கட்டர் உலோகத்தைக் கடிக்கும்போதும் அசையாமல் நிற்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. வாங்கப்போகிறவருக்குத் தெரிய வேண்டியதோ அந்த இரண்டும்தான்.

பெங்களூரில் கார் ஷெட்டின் ஓரத்தில் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் போட ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். பழைய ஆர்.எக்ஸ். 100, யெஸ்டி பைக்குகளைப் பிரித்துப் போட்டிருப்பவர்கள், மாடல் நீராவி இன்ஜின் செய்பவர்கள், டெலஸ்கோப் மவுண்ட்டுக்குத் தாங்களே பாகம் செய்துகொள்ளப் பார்ப்பவர்கள். இவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி மூன்று இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள சீன மினி மில். இருநூறு, முந்நூறு கிலோ எடையுள்ள பெஞ்ச் மில். மூன்றாவது, நகரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் செகண்ட் ஹாண்டில் கிடைக்கும், ஒரு டன்னுக்குக் குறையாத பழைய மெஷின். டேபிளைத் தாங்கும் முட்டிப் பகுதி அப்படியே மேலும் கீழும் ஏறி இறங்கும் வகை. கடைகளில் நீ-டைப் (knee, முட்டி) என்பார்கள்.

மூன்றைப் பற்றியும் முதலில் கேட்கப்படுவது “எவ்வளவு அக்யூரேட்?” என்பதுதான். அதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதலில் கேட்க வேண்டியது விறைப்பு, அதாவது விசை பட்டால் எவ்வளவு தூரம் வளையாமல் நிற்கிறது என்பது. துல்லியக் குறையில் பெரும்பகுதி அளந்து பார்த்துச் சரிசெய்யக் கூடியது. கட்டரைச் சுழற்றும் ஹெட் சாய்ந்திருந்தால் நேராக்கலாம், ஹெட்டைத் தாங்கும் தூண் சாய்ந்திருந்தால் அடியில் ஷிம் தகடு வைக்கலாம், டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவில் ப்ளே (வெற்றாட்டம்) இருந்தால் நட்டை மாற்றலாம் அல்லது டேபிளின் இடத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும் டி.ஆர்.ஓ. மாட்டிக்கொள்ளலாம். மெலிந்த தூணைத் தடிமனாக்க வழி கிடையாது. அது வார்ப்படச் சாலையிலேயே முடிவான விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெஷின் டூல்களின் நேர்த்தியைச் சோதிக்கும் முறைகளைத் தொகுத்து ஒழுங்குபடுத்தியவர் ஜெர்மனியின் கேயார்க் ஷ்லெசிங்கர், 1927இல். இன்றைய சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 230 வரிசை அந்த வழியில் வந்ததுதான். அதன் முதல் பகுதி சோதிப்பது சுமை இல்லாத நிலையில் மெஷினின் வடிவ நேர்த்தியை. அதாவது, பெட்டிக்குள் வைத்து அனுப்பும் சோதனைச் சான்றிதழில் எல்லா எண்ணும் சரியாக இருந்தாலும், கட்டர் இரும்பைத் தொட்டபின் என்ன ஆகும் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காந்த ஸ்டாண்ட், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் 0.01 மி.மீ. டயல், ஊருக்குப் போகும்போது லக்கேஜ் எடை பார்க்கும் தொங்கு தராசு. 2 மைக்ரான் பப்பி டயல் (சின்ன நெம்புமுனை டயல்) இருந்தால் இன்னும் நல்லது. கட்டரைப் பிடித்துச் சுழலும் ஸ்பிண்டிலில் 20 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றைக் கொஞ்சமாக நீட்டிப் பிடியுங்கள். காந்த ஸ்டாண்டை டேபிள் மேல் வைத்து, டயல் முனையைக் கம்பியில் தொட வையுங்கள். தரையிலோ பெஞ்சிலோ ஸ்டாண்டை வைத்தால் பயனில்லை. வெட்டு விசை கட்டரில் தொடங்கி ஸ்பிண்டில், ஹெட், தூண், அடித்தளம், டேபிளுக்கு அடியிலுள்ள சேடில், டேபிள், வேலைப்பொருளைப் பிடிக்கும் வைஸ் என்று ஒரு சுற்றுச் சுற்றி வேலைப்பொருளுக்கே திரும்பி வருகிறது. அந்தச் சுற்று முழுவதும் சேர்ந்து எவ்வளவு வாய் பிளக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

எல்லா லாக்கையும் இறுக்குங்கள். டயலைப் பூஜ்யத்தில் வைத்து, தராசின் கொக்கியை அந்தக் கம்பியில் மாட்டி 10 கிலோ காட்டும்வரை இழுங்கள். அது ஏறத்தாழ 100 நியூட்டன். முள் ஒரு கோடு, அதாவது 10 மைக்ரான், நகர்ந்தால் விறைப்பு ஒரு மைக்ரானுக்கு 10 நியூட்டன். ஐந்து கோடு நகர்ந்தால் 2 நியூட்டன். இடவலமாக ஒரு முறை, முன்பின்னாக ஒரு முறை இழுங்கள்; இரண்டும் ஒன்றாக இருக்காது. இடவலமாக இழுக்கும்போது தூண் முறுக்கிக்கொள்ளும், முன்பின்னாக இழுக்கும்போது தலையாட்டும்.

இந்தச் சோதனையில் பலர் கவனிக்காமல் விடுவது, கையை விட்ட பிறகு முள் எங்கே போகிறது என்பதை. பூஜ்யத்துக்கே திரும்பினால் அது வார்ப்பின் வளைவு. இரும்பு ஸ்பிரிங்காக வேலை செய்திருக்கிறது. இரண்டு கோடு மிச்சம் வைத்து நின்றுவிட்டால் எங்கோ ஓர் இணைப்பு வழுக்கியிருக்கிறது. ஜிப் (சறுக்குப் பாதையின் இடைவெளியை நிரப்பும் பட்டை) தளர்வு, லாக் பிடிக்காமை, ஹெட் போல்ட் லூஸ், இவற்றில் ஒன்று. டயல் ஸ்டாண்டைத் தூணில் வைத்து ஹெட்டைத் தொடுங்கள், பிறகு சேடிலில் வைத்து டேபிளைத் தொடுங்கள். எந்த மூட்டில் என்று பிடிபட்டுவிடும். இப்படி வழுக்கும் கோடுகளை ஒரு அலன் கீ வைத்தே குறைக்கலாம். வளையும் கோடுகளை எதை வைத்தும் குறைக்க முடியாது. ஆகவே பேரம் பேசும்போது இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு விறைப்பு இருந்தால் போதும்? இங்கேதான் கட்டருக்கு வர வேண்டும்.

கட்டரும் வளையும். அது ஒரு முனையில் பிடித்த கம்பி. நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு, விட்டம் பாதியானால் வளைவு பதினாறு மடங்கு. எண்ட் மில் என்னும், முனையாலும் பக்கத்தாலும் வெட்டும் 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டர் ஒன்றை 40 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பள்ளங்கள் போகப் பலம் தரும் விட்டம் சுமார் 8 மி.மீ. எஃகின் மீள்கெழு 210 கிகாபாஸ்கல் என்று போட்டுக் கணக்குப் பார்த்தால், அந்தக் கட்டரின் விறைப்பே ஒரு மைக்ரானுக்கு ஏறத்தாழ 2 நியூட்டன்தான் வருகிறது. 20 மி.மீ. கட்டருக்கு, அதே நீட்டலில், 32 நியூட்டன்.

இப்போது மூன்று மெஷின்களுக்கும் கணக்குக்காக மைக்ரானுக்கு 2, 8, 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். மெஷினும் கட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு ஸ்பிரிங்குகள். 10 மி.மீ. கட்டரோடு சேர்த்துப் பார்த்தால் மினி மில் 1, பெஞ்ச் மில் 1.6, நீ-டைப் 1.8. ஒரு டன் இரும்பை ஷெட்டுக்குள் இறக்கியும், 10 மி.மீ. கட்டரின் முனையில் கிடைத்த லாபம் இரண்டு மடங்குகூட இல்லை. 20 மி.மீ. கட்டரை மாட்டுங்கள்: மினி மில் 1.9, பெஞ்ச் மில் 6.4, நீ-டைப் 12.3. இங்கே ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

என்னைக் கேட்டால், “என்ன செய்யப்போகிறீர்கள்?” என்ற பொதுக் கேள்வியைவிட, “எத்தனை மி.மீ. கட்டர் ஓட்டப்போகிறீர்கள், எந்த உலோகத்தில்?” என்ற கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். 6, 8 மி.மீ. கட்டரில் பித்தளையும் அலுமினியமும் வெட்டுகிறவருக்குப் பெரிய மெஷின் தருவது நேரமும் மன அமைதியும், துல்லியம் அல்ல. 50 மி.மீ. ஃபேஸ் மில் என்னும் அகலக் கட்டரால் இ.என்.8 எஃகுக் கட்டையைச் சீவ வேண்டியவருக்குச் சின்ன மெஷின் எதையுமே தராது.

மோட்டார் குதிரைத்திறனைப் பார்த்து மயங்குவதும் இதனால்தான் வீண். 12 மி.மீ. எச்.எஸ்.எஸ். கட்டர், மைல்ட் ஸ்டீல், நிமிஷத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம்: சுமார் 660 ஆர்.பி.எம். நான்கு பல், பல்லுக்கு 0.05 மி.மீ., 3 மி.மீ. ஆழத்தில் முழு அகலப் பள்ளம் எடுத்தால் கட்டர் முனையில் தேவைப்படும் சக்தி கால் கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. மினி மில்லின் மோட்டாரே அதைத் தந்துவிடும். ஆனால் அந்த வெட்டில் கட்டரைத் தள்ளும் விசை சில நூறு நியூட்டன். 300 என்றே வைத்தாலும், 2 நியூட்டன் விறைப்புள்ள மெஷின், கட்டரின் வளைவைச் சேர்க்காமலே, 0.15 மி.மீ. விலகிவிடும். மோட்டார் சுற்றும், மெஷின் துள்ளும், பள்ளத்தின் சுவரில் சாட்டர் (அதிர்வு) வரி விழும்.

மினி மில்லைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு: சின்னக் கட்டர், கூர்மையான கட்டர், குறைந்த ஆழம், கடைசியில் 0.1 மி.மீ.க்கு ஒரு முடிப்பு வெட்டு. விசை சின்னதாக இருந்தால் வளைவும் சின்னது. பொறுமையுள்ளவர் மினி மில்லில் 0.02 மி.மீ.க்குள் வேலை முடிப்பதைப் பார்க்கலாம். சிக்கல், வெட்டை எவ்வளவு வேண்டுமானாலும் மெல்லியதாக்கிக்கொண்டே போக முடியாது என்பது. பல்லுக்கு 0.02 மி.மீ.க்கும் கீழே போனால் எச்.எஸ்.எஸ். விளிம்பு வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்கத் தொடங்கும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தேய்த்தால் மேல்தோல் இறுகிப்போகும். அடுத்த வெட்டில் கட்டர் மழுங்கும். லேசான மெஷினில் ஸ்டெயின்லெஸ் வேண்டாம் என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

மினி மில்லில் பார்க்க வேண்டிய இடம் தூணின் அடிவாரம். தூண் இடவலமாகச் சாயும்படி செய்த மாடல்களில் அந்தப் பெரும் தூண் முழுவதையும் பின்பக்கம் ஒரே ஒரு பெரிய நட் பிடித்திருக்கும். சாய்க்கும் வசதி வருஷத்துக்கு ஒரு முறைகூடத் தேவைப்படாது. அதற்காக விறைப்பை அடகு வைத்திருக்கிறார்கள். தூண் அடித்தளத்தோடு நேராக நான்கு போல்ட்டில் இறுகும் மாடல் கிடைத்தால் அதை எடுங்கள். தூணுக்குள் எபாக்ஸியும் கருங்கல் பொடியும் நிரப்புகிறவர்கள் உண்டு. அதிர்வை அடக்க அது உதவும். தராசுச் சோதனையில் முள் நகரும் கோடுகளைப் பெரிதாகக் குறைத்துவிடாது. பிளாஸ்டிக் கியர் உள்ள மாடலானால் ஒரு செட் உபரிக் கியர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாடிவீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வகை ஒன்றுதான் வழி. குடியிருப்புத் தளத்துக்கு இந்தியத் தரமான ஐ.எஸ். 875 வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறத்தாழ 200 கிலோ. இரண்டு பேர் படியில் தூக்கிப் போகிற மெஷினுக்கு அது தாராளம்.

நடுவில் நிற்கும் பெஞ்ச் மில்லில் இரண்டு ஜாதி. வட்டத் தூண் உள்ளதை விட்டுவிடுங்கள். ஹெட்டை ஏற்றி இறக்கும்போதெல்லாம் அது தூணைச் சுற்றிக் கொஞ்சம் திரும்பிவிடும்; டிரில்லை எடுத்துவிட்டு எண்ட் மில் மாட்ட ஹெட்டை உயர்த்தினால் எடுத்துவைத்த மையம் போச்சு. டவ்டெயில் (புறா வால் வடிவச் சறுக்குப் பாதை) தூண் உள்ளது வேறு ரகம். 300 கிலோ அளவில், ஒற்றை பேஸ் மோட்டாரோடு, வீட்டு லைனிலேயே ஓடும். தராசில் இழுத்தால் ஒன்று, ஒன்றரைக் கோட்டில் நிற்பதை எடுத்துக்கொள்ளலாம். மூன்று கோடு போனால் ஜிப்பை இறுக்கி மறுபடி பாருங்கள், அப்போதும் போனால் வேறு கடை.

இந்த அளவு மெஷின்களில் வடிவ நேர்த்தி பெட்டியிலிருந்து எடுத்தபடியே சரியாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு பரிசோதனை போதும். ஒன்று, டிராம்: ஸ்பிண்டில் டேபிளுக்கு நேர்க்குத்தாக நிற்கிறதா என்பது. ஸ்பிண்டிலில் பப்பி டயலை மாட்டி, கையால் சுற்றி, டேபிள் மேல் ஒரு வட்டம் போடுங்கள். இடம், வலம், முன், பின் நான்கு இடத்திலும் முள் என்ன சொல்கிறது? 200 மி.மீ. வட்டத்தில் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் வீட்டு வேலைக்குப் பழுதில்லை. இரண்டாவது, டேபிள் மேல் நல்ல மூலைமட்டத்தை நிறுத்தி, டயல் முனையை அதில் தொட வைத்து ஹெட்டை 150 மி.மீ. இறக்கி ஏற்றுங்கள். முள் ஒரே பக்கமாக ஓடினால் தூண் சாய்ந்திருக்கிறது.

வரிசை முக்கியம். முதலில் மூலைமட்டத்தை வைத்துத் தூணை ஷிம் போட்டு நேராக்க வேண்டும், அதன்பிறகே டிராம். பலர் டிராமை மட்டும் சரிசெய்துவிட்டு, போரிங் செய்த துளை ஏன் சரிவாகப் போகிறது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். ஸ்பிண்டில் டேபிளுக்கு நேர்க்குத்தாக நிற்கும். ஆனால் அது இறங்கும் பாதை சாய்வாக இருக்கும்.

மெஷினை வைக்கும் தகர ஸ்டாண்ட் லேசாக ஆடுகிறதே என்று கவலைப்படுகிறவர்கள், மேலே சொன்ன விசைச் சுற்றை நினைத்துப் பாருங்கள். ஸ்டாண்ட் அதில் வரவே இல்லை. ஸ்டாண்ட் ஆடினால் மெஷின் மொத்தமாக ஆடுகிறது, கட்டருக்கும் வேலைக்கும் நடுவில் நேராக எதுவும் மாறுவதில்லை. ஸ்டாண்டால் வரும் கெடுதல் வேறு: சமமில்லாத ஸ்டாண்டில் நான்கு போல்ட்டையும் வெறியோடு இறுக்கினால் அடித்தளமே முறுக்கிக்கொண்டு டிராம் மாறிவிடும்.

இனி பீன்யா.

பெங்களூரில் செகண்ட் ஹாண்ட் மில்லிங் மெஷின் தேடுகிறவருக்கு ஊரே சாதகம். 1953இல் மெஷின் கம்பெனி எச்.எம்.டி. இங்கே ஜாலஹள்ளிப் பக்கம் தொடங்கியது. 1961இல் ஜெர்மன் கூட்டோடு பி.எஃப்.டபிள்யூ. (பாரத் ஃபிரிட்ஸ் வெர்னர்) வந்தது. அவற்றுக்குப் பாகம் செய்து கொடுத்து வளர்ந்த சின்னக் கம்பெனிகளால் பீன்யா நிறைந்தது. அந்தக் கம்பெனிகள் வி.எம்.சி. என்னும் கம்ப்யூட்டர் மெஷின்களுக்கு மாற மாற, கைச்சக்கர மெஷின்கள் ஷெட்டின் பின்பக்கம் போய், அங்கிருந்து டீலரிடம் போகின்றன. எச்.எம்.டி. எஃப்.என்.2, பி.எஃப்.டபிள்யூ. என்று பெயர் பொறித்தவற்றோடு பட்டாலா, ராஜ்கோட் தயாரிப்புகளும் நிற்கும். சில சமயம் பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலேயே பேரம் படிந்துவிடும்.

விறைப்பில் இவற்றுக்கு ஈடு கிடையாது, ஒரு எச்சரிக்கையோடு. நின்ற வாக்கில் ஹெட் நிலையாக உள்ள வெர்ட்டிகல் மெஷினும், டரட் வகை மெஷினும் ஒன்றல்ல. 1938இல் அமெரிக்காவில் வந்த பிரிட்ஜ்போர்ட்டின் வழிவந்த டரட் வகையில் ஹெட், ரேம் என்னும் முன்னும் பின்னும் நகரும் கையின் முனையில் தொங்குகிறது. ரேமை முழுக்க வெளியே இழுத்து, ஸ்பிண்டிலோடு இறங்கும் குவில்லையும் இறக்கிவிட்டுத் தராசில் இழுத்துப் பார்த்தால், ஒரு டன் மெஷின் பெஞ்ச் மில் அளவுக்கு இறங்கி வந்துவிடும். ரேமை உள்ளே தள்ளி, குவில்லை ஏற்றி வைத்துச் சோதியுங்கள். வேலையும் அப்படியே செய்யுங்கள். ஹொரிசான்டல் மெஷினில் வெர்ட்டிகல் ஹெட் அட்டாச்மென்ட் மாட்டிய மெஷினானால், அந்த அட்டாச்மென்டின் கியர் ப்ளேயையும் பேரிங்கையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

பழைய மெஷினில் பிரச்சினை தேய்மானம்தான். டேபிள் ஆயுள் முழுக்க நடுவிலேயே ஓடியிருக்கும். அம்மிக்கல் நடுவில் குழிவதைப் போல டவ்டெயிலும் ஸ்க்ரூவும் நடுவில்தான் தேயும், கோடிகள் அப்படியே புதுசாக இருக்கும். கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து போகும், தேய்ந்த சறுக்குப் பரப்பைக் கையால் சுரண்டிச் சமமாக்கும் ஸ்கிரேப்பிங் மிஸ்திரி ஒருவரை, ஐ.டி. வேலையில் இருக்கும் பக்கத்துத் தெருத் தம்பிக்கு மெஷின் பார்க்க பீன்யாவுக்கு அழைத்துப் போயிருந்தோம். டீலர் டேபிளை நடுவில் நாலு விரற்கடை இப்படியும் அப்படியும் ஓட்டிக் காட்டினார். வெண்ணெயாக ஓடியது.

மிஸ்திரி ஒன்றும் சொல்லாமல் கைச்சக்கரத்தை வாங்கி டேபிளை வலது கோடிவரை ஓட்டினார். கோடிக்கு ஒரு சாண் இருக்கும்போதே சக்கரம் கனத்தது. ரெண்டு கையும் வேண்டியிருந்தது.

“பாத்தியா தம்பி? நடுவுல ஆடுதுன்னு ஜிப்ப டைட் பண்ணி வெச்சிருக்காங்க. அதான் ஓரத்துல புடிக்குது. இப்ப ஓரத்துக்குச் சரியா ஜிப்ப லூஸ் பண்ணிட்டு நடுவுல கொண்டாந்து நிறுத்து, அப்பத் தெரியும்.”

“அண்ணா, லாக் போட்டுட்டா சரியாயிடாதா?”

“லாக் போட்டுட்டா டேபிள எப்படி ஓட்டுவ?”

ஜிப்பைத் தளர்த்தி, டேபிளை நடுவில் நிறுத்தி, காந்த ஸ்டாண்டைச் சேடிலில் வைத்தார். டேபிளின் ஒரு கோடியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினார். முள் பன்னிரண்டு கோடு போய்ப் போய் வந்தது. பிறகு டேபிளுக்கு அடியில் டார்ச் அடித்து டவ்டெயிலைக் காட்டினார். கோடியில் ஸ்கிரேப்பர் இழுத்த பிறைப் பிறையான தடங்கள் அப்படியே இருந்தன; நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி வழவழப்பு, தடம் ஒன்றுகூட இல்லை. “வேணும்னா எடுத்துக்க தம்பி, ஸ்கிரேப்பிங் கூலி இதுல பாதி வரும்னு கணக்கு வெச்சுக்க” என்று டீலர் காதில் விழும்படியே சொன்னார். தம்பி எடுக்கவில்லை.

இந்தச் சோதனை ஐந்து நிமிஷம். இதோடு இன்னும் மூன்று. பேரலல் என்னும், பக்கங்கள் இணையாக உள்ள எஃகுக் கட்டை ஒன்றை டேபிள் மேல் வைத்து, ஸ்பிண்டிலில் இருந்து டயலைத் தொட வைத்து, டேபிளைக் கோடியிலிருந்து கோடிக்கு ஓட்டுங்கள். தேய்ந்த மெஷினில் வெளியே நீளும் பக்கம் தன் எடையிலேயே தொங்கும், ஸ்பிண்டிலுக்குக் கீழே உள்ள பக்கம் ஏறும். அடுத்து, முட்டியின் லாக்கை இறுக்கித் தளர்த்தும்போது டேபிள் எவ்வளவு தலையாட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு கோட்டுக்குள் இருக்க வேண்டும். கடைசியாக ஸ்பிண்டிலின் கூம்புத் துளையான டேப்பருக்குள் பப்பி டயலை வைத்துக் கையால் சுற்றுங்கள். அங்கே 0.01 மி.மீ.க்குள் நின்றால் நிம்மதி. பேரிங் போனால் மாற்றலாம். டேப்பரே அடிவாங்கி வரி விழுந்திருந்தால் கிரைண்டிங் செலவு.

ஸ்க்ரூ ப்ளே 0.2, 0.3 மி.மீ. இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நடுவில் எவ்வளவு, கோடியில் எவ்வளவு என்று இரண்டு இடத்தில் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். எங்கும் ஒரே அளவு என்றால் தேய்ந்தது நட், அது சல்லிசு. நடுவில் மட்டும் அதிகம் என்றால் ஸ்க்ரூ. டி.ஆர்.ஓ. போட்டால் ப்ளேவை மறந்துவிடலாம் என்பது பாதி உண்மை. ஸ்கேல் 5 மைக்ரான் காட்டும், பொய் சொல்லாது. ஆனால் அது பார்ப்பது டேபிளின் ஓரத்தை, கட்டர் முனையை அல்ல. டேபிள் தலையாட்டினாலும் ஹெட் வளைந்தாலும் திரையில் எண் மாறாது. கட்டர் சுழலும் திசையோடு சேர்ந்து வெட்டும் கிளைம்ப் மில்லிங்கில், ப்ளே உள்ள டேபிளை கட்டர் தன் பக்கம் இழுத்துக்கொள்வதையும் டி.ஆர்.ஓ. தடுக்காது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மிதமான ஊர் என்பதால் இதில் பெங்களூர்க்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்தான். அளவுகளுக்கெல்லாம் உலகம் வைத்திருக்கும் வெப்பநிலை 20 டிகிரி. வார்ப்பிரும்பும் எஃகும் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 11 மைக்ரான் நீளும். தகரக் கூரை ஷெட்டில் காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி ஏறினால் 300 மி.மீ. நீளத்தில் 33 மைக்ரான், மூன்று கோட்டுக்கு மேல். மெஷினும் வேலையும் இரும்பாக இருந்தால் சேர்ந்தே நீளும், பெரிய பாதகமில்லை. அலுமினிய வேலையானால் அது இரண்டு மடங்கு நீளும். சூடாக இருக்கும்போது அளக்காதீர்கள்.

இத்தனைக்கும் நடுவே நான்காவது வழி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வருஷத்தில் நாலைந்து பாகம்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் மெஷினே வேண்டாம். டிராயிங் போட்டு பீன்யாவில் ஜாப் ஒர்க் கொடுங்கள். ஒற்றைப் பீஸ் வேலைக்கு அலைக்கழிப்பார்கள்தான். ஆனாலும் மெஷின் விலையைவிட அலைச்சல் மலிவு. ஆர்.எக்ஸ். 100 ஹெட் ஒன்றைச் சீவ வேண்டும் என்பதற்காக மில்லிங் மெஷின் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அது மெஷின் வாங்க ஒரு சாக்கு. அந்த ஆசையைக் குறை சொல்ல நான் யார்?

முடிவுக்கு வந்தால், என் தீர்ப்பு ஒருதலையானது. தரைத்தளத்தில் ஷெட் இருக்கிறது, இரும்பும் வெட்டுவேன், ஆனால் 16 மி.மீ. கட்டருக்கு மேல் அடிக்கடி போக மாட்டேன் என்பவருக்கு டவ்டெயில் தூண் பெஞ்ச் மில். பெரும்பாலான வீட்டு ஒர்க்‌ஷாப்புகள் இதற்குள் அடங்கும். பக்கத்துத் தெருத் தம்பியும் கடைசியில் இங்கேதான் வந்தார். மாடியில் இருப்பவருக்கும், பித்தளை அலுமினியத்தோடு நிற்பவருக்கும் நேர்த்தூண் மினி மில். நீ-டைப்பை, கூடவே வந்து டயல் வைத்துப் பார்க்க ஒரு மிஸ்திரி கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். தேய்ந்த கனமான மெஷினா, தேயாத லேசான மெஷினா என்று கேட்டால், தேய்மானம் ஜிப்பிலும் நட்டிலும் பேரிங்கிலும் நின்றிருந்தால் கனமானது. டவ்டெயிலைத் தின்றிருந்தால் லேசானது.

நீ-டைப் எடுப்பவர் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. சோட்டா ஹாத்தி (டாடா ஏஸ் மினி லாரி) தாங்குவது முக்கால் டன். மெஷின் அதைத் தாண்டும், ஆகவே பெரிய வண்டியும் ஹைட்ரா கிரேனும் சந்துக்குள் திரும்புமா என்று அளந்துவிடுங்கள். அடுத்து மோட்டார். வீட்டில் ஒற்றை பேஸ் 230 வோல்ட் மட்டும் இருந்தால் ஒற்றை பேஸை மூன்று பேஸாக்கும் வி.எஃப்.டி. மாட்டி ஓட்டலாம், ஆனால் அது வெளியே தருவதும் 230 வோல்ட் மூன்று பேஸ்தான். மோட்டாரின் பெட்டியைத் திறந்து, ஆறு டெர்மினல் இருக்கிறதா, 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டெல்டாவுக்கு மாற்றி ஓட்டலாம். 415 வோல்ட்டிலேயே டெல்டாவில் ஓடும் பெரிய மோட்டாரானால் மோட்டாரையே மாற்ற வேண்டிவரும்.

எதை வாங்கினாலும் பட்ஜெட்டில் வைஸுக்கு இடம் விடுங்கள்; விசைச் சுற்றில் அதுவும் ஓர் அங்கம். மெஷினுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு டிரில்லிங் வைஸை மாட்டுகிறவர்கள் அநேகம். கடையிலேயே சோதிக்கலாம்: ஒரு பேரலலைத் தாடைகளுக்கு நடுவில் வைத்து, அசையும் தாடையின் தலையில் டயலைத் தொட வைத்து இறுக்குங்கள். தாடை மூன்று கோட்டுக்கு மேல் தூக்கினால் அந்த வைஸை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.